பதினேழு பெண்களின் மருந்து முடிச்சுகள்

அனுப்புநர்:
திருமதி புஷ்பம் வீரையா,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவமாது,
இல. 27/2, பழைய சந்தை வீதி,
தெல்தோட்டை.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
கண்டி.

பொருள்: கண்டி ‘நீலத்திரை உல்லாசப் பயண சேவை’ நிறுவனம், மாலைதீவுக்கு அழைத்துச் சென்ற முதிய பெண்களின் மருந்துகளை வாங்கிக் கலந்துவிட்டதும், அதனால் உயிர் போய் மீண்ட திருமதி அழகம்மா சின்னமுத்து மீதே பழி சுமத்தியதும், எதிர்வரும் ஏப்ரல் 16ஆம் திகதி அதே முறையில் இன்னும் முப்பத்து நான்கு பேரை அழைத்துச் செல்லவிருப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தெல்தோட்டைக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்தொன்பது வருடம் மருத்துவமாதாக வேலை செய்து 2014இல் ஓய்வு பெற்றவள். மரியாதைக் குறைவாக எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இந்த மனுவைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் எழுதிய மூன்று பிரதிகளையும் கிழித்துப் போட்டேன். அவற்றில் இருந்த வார்த்தைகள் உங்கள் மேசைக்கு வரத்தக்கவை அல்ல.

2. எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற இருபத்தொரு பெண்களும் நானும் கடந்த ஜனவரி 21ஆம் திகதி மாலைதீவுக்கு நான்கு நாள் பயணம் போனோம். பிள்ளைகள் சேர்ந்து அனுப்பி வைத்த பயணம் அது. எங்களில் பதினான்கு பேர் அதுவரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களில் ஒருவர் அழகம்மா. வயது அறுபத்து மூன்று. முப்பத்தாறு வருடம் மலை ஏறி இறங்கியவர். கடலில் கால் நனைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே எங்கள் குடியிருப்பு லயத்தில் போவோர் வருவோரிடமெல்லாம் அதைச் சொல்லி அவர்களுடைய பொறுமையைச் சோதித்தவர்.

3. இனி வரும் விடயம் விளங்க வேண்டுமானால் எங்கள் மருந்து முறையைப் பற்றி நீங்கள் அறிய வேண்டும். கிளினிக்கில் மாதாமாதம் எங்களுக்குத் தரும் மாத்திரைகள் கடதாசி உறைகளில் வரும். உறையில் நோயாளியின் பெயர் இருக்காது. மருந்தின் பெயர் கிறுக்கலாக இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. எங்கள் பெண்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எனவே 1988ஆம் ஆண்டிலேயே நான் அவர்களுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொருத்தியும் தன் பழைய சேலையில் துண்டு கிழித்து, தன் மாத்திரை உறையை அதில் வைத்துக் கட்ட வேண்டும். ஒரு முடிச்சு என்றால் காலை மாத்திரை. இரண்டு முடிச்சு என்றால் இரவு மாத்திரை. துணியைப் பார்த்தால் யாருடையது என்று தெரியும். முடிச்சைத் தடவினால் எப்போது விழுங்குவது என்று தெரியும், விளக்கில்லாத லயத்திலும் தெரியும். அழகம்மாவுடையது மஞ்சள் பூப்போட்ட நீலச் சீத்தைத் துணி. இத்தனை வருடத்தில் எங்கள் தோட்டத்தில் ஒருத்தியின் மாத்திரை இன்னொருத்தியின் வாய்க்குப் போனதில்லை. கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா இதைப் பார்த்து முதலில் சிரித்தார், பிறகு தன் மனைவிக்கும் கட்டிக் கொடுத்தார்.

4. ஜனவரி 20ஆம் திகதி பிற்பகல் மூன்று மணிக்குக் கண்டியிலுள்ள நிறுவனத்தின் அலுவலகத்தில் எங்களைக் கூட்டினார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக நியமிக்கப்பட்ட திரு. இராமகிருஷ்ணன் என்பவர் அங்கே ஓர் அறிவித்தல் செய்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “மாலைதீவு சுங்கத்துல மருந்துக்குக் கெடுபிடி ஜாஸ்தி. ஆளாளுக்கு வெச்சிருந்தா எல்லாரையும் மறிச்சிப்புடுவான். மருந்து எல்லாத்தையும் என்கிட்ட குடுத்துடுங்க, நேரத்துக்கு நானே தருவேன்.” மருந்தோடு, நோய் விபரம் எழுதிய கிளினிக் கொப்பியையும் வைத்தியரின் கடிதத்தையும் கொண்டுபோனால் யாரும் மறிக்கப்போவதில்லை என்பது எனக்கு இப்போது தெரியும். அவருக்கு அது அன்றே தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

5. என்னைத் தவிர மருந்தெடுக்கும் பதினேழு பெண்களும் தங்கள் முடிச்சுகளைக் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். வாழ்நாள் முழுக்கக் கொழுந்துக் கூடையை நிறுவை இடத்தில் இறக்கி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பழகியவர்கள் அவர்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் கையை நீட்டினால் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அன்று வரிசையாகப் போய் அந்த முடிச்சுகளை வாங்கி அவர் கையில் கொடுத்தவள் நான்தான். தயங்கிய இரண்டு பேரிடம், “குடுங்க புள்ள, ஒண்ணும் ஆகாது” என்று சொன்னவளும் நான்தான். என்னுடைய பிரஷர் மாத்திரையை மட்டும், “மிட்வைப் அம்மாகிட்ட இருந்தா பரவால்ல” என்று திரு. இராமகிருஷ்ணன் விட்டுவிட்டார். நானும் சந்தோஷமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இந்த மனுவில் நான் குற்றம் சுமத்துகிறவர்களின் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

6. அன்று நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் திரு. இராமகிருஷ்ணன் முடிச்சுகள் அத்தனையையும் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார். துணிகளைக் குப்பைக் கூடையில் போட்டிருக்கிறார். உறைகளையெல்லாம் ஒரே பொலித்தீன் பையில் கொட்டியிருக்கிறார். உறைகள் சில கிழிந்து மாத்திரைகள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பிறகு நான் கேட்டபோது அவர் சொன்ன காரணம்: “பழந்துணி மூட்டை மாதிரி அசிங்கமா இருந்துச்சி. நம்ம கம்பனிக்கு ஒரு மரியாதை இருக்குல்ல?”

7. மறுநாள் சாயங்காலம் தீவை அடைந்தோம். எங்களை இரண்டு விடுதிகளில் பிரித்துத் தங்க வைத்தார்கள். நான் ஒன்றில், அழகம்மா மற்றதில். திரு. இராமகிருஷ்ணனிடம் இரவு மாத்திரைகளைக் கேட்டேன். களைப்பாக இருக்கிறது, பை பெட்டிக்கு அடியில் போய்விட்டது, ஒரு நேரம் தவறினால் குடி முழுகிப் போகாது, காலையில் தருகிறேன் என்றார். சண்டை பிடித்தேன். போதிய அளவு பிடிக்கவில்லை.

8. ஜனவரி 22ஆம் திகதி காலை ஏழு மணிக்கு, நான் வந்து சேருமுன்பே, அழகம்மா தங்கிய விடுதியின் முற்றத்தில் திரு. இராமகிருஷ்ணன் மருந்து விநியோகம் நடத்தி முடித்துவிட்டார். அங்கிருந்தவர்கள் சொன்னபடி, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, “சின்ன வெள்ளை யாருக்கு? பெரிய வெள்ளை யாருக்கு?” என்று ஏலம் கூறியிருக்கிறார். துணியைப் பார்த்தே தன் மருந்தை அறிந்தவர்களுக்குத் துணியில்லாத வெள்ளை மாத்திரையில் என்ன தெரியும்? பெயர் கூப்பிட்டால் போய் வாங்கிக்கொண்டார்கள். அழகம்மாவுக்கு இருப்பது இரத்த அழுத்தம் மட்டுமே. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கிடையாது. அவருக்குக் கிடைத்ததோ பதினொரு வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கும் மூக்காயி என்பவரின் மாத்திரைகள். அதிலும் இரண்டு. ராத்திரி தவறியதற்கும் சேர்த்து இரண்டு என்று சொல்லிக் கொடுத்தாராம்.

9. வைத்திய அறிவு இல்லாதவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன். சீனி வருத்தம் இல்லாத ஒருவர் அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் உடம்பிலுள்ள சீனி முழுவதும் வடிந்துபோகும். முதலில் வியர்க்கும், பிறகு பேச்சுக் குழறும், பிறகு உயிர் போகும். அன்றைய நிகழ்ச்சி நிரலில் கடல் குளிப்பு முதலாவதும் காலை உணவு ஒன்பதரை மணிக்கும் என்று போட்டிருந்தது. அந்தத் தாள் இணைப்பு 1.

10. எட்டேகால் மணியளவில் நாங்கள் கடற்கரைக்கு நடந்தோம். அழகம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி மறுகையில் வைத்துக்கொண்டு வந்தார். தண்ணீருக்கு இன்னும் பத்து எட்டு வைத்தால் போதும். “மிட்வைப் அம்மா, கண்ணு கட்டுது” என்றார். என் கையிலிருந்த அவருடைய கை ஈரமாக, ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்து சரிந்தார். திரு. இராமகிருஷ்ணன் வந்து பார்த்துவிட்டு, “வெயில் பட்டிருக்கு, இளநி குடுங்க, சரியாயிரும்” என்றார். காலை எட்டேகால் மணிக்கு என்ன வெயில், ஐயா? முப்பத்தாறு வருடம் உச்சி வெயிலில் கொழுந்து பறித்தவளுக்குக் காலை வெயில் பட்டதாம். சொல்லிவிட்டு, படகு காத்திருக்கிறது என்று மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பவளப்பாறை பார்க்கப் போய்விட்டார். மருந்துப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டே போனார்.

11. நல்ல காலமாக, எங்கள் ஆட்களுக்குப் பாலில்லாத பச்சைத் தேத்தண்ணியை உள்ளங்கைச் சீனியோடோ சக்கரைத் துண்டோடோ நக்கிக் குடிக்கும் வழக்கம் உண்டு. போகிற இடத்தில் சக்கரை கிடைக்குமோ கிடைக்காதோ என்று அழகம்மா இடுப்புச் சுருக்குப் பையில் கருப்பட்டித் துண்டு முடிந்து வைத்திருந்தார். அந்தக் குளிர்ந்த வியர்வை சீனி இறங்கியதன் அடையாளம் என்று தெரிந்ததால், அதை நான் பல்லால் கடித்து நுணுக்கி, அவரைச் சரித்துப் பிடித்து, கன்னத்தின் உட்புறம் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே கத்தினேன். பக்கத்து விடுதியில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்தார். வங்காளதேசத்துக்காரர். என் பாஷை அவருக்குத் தெரியாது, அவருடைய பாஷை எனக்குத் தெரியாது. மண் அள்ளும் தள்ளுவண்டியைக் கவிழ்த்துக் கொட்டி, அதில் தன் தோளில் கிடந்த சாரத்துணியை விரித்து, அழகம்மாவை ஏற்றி, தீவின் சுகாதார நிலையம் வரை தள்ளிக்கொண்டு ஓடினார். அவருடைய பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. இன்றுவரை அது மனதை அரிக்கிறது.

12. பாஷை விளங்காததால் சிகிச்சை தாமதமானது என்று நிறுவனம் சொல்கிறது. பொய். அங்கிருந்த வைத்தியர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். நல்ல தமிழில் பேசினார். விரலைக் குத்திப் பார்த்தார், எழுபதுக்குக் குறையக் கூடாத சீனி 34. உடனே ஊசி ஏற்றினார். பிறகு என்னைப் பார்த்து, “என்ன மாத்திரை சாப்பிட்டாங்க, எத்தனை சாப்பிட்டாங்க, சொல்லுங்கம்மா” என்றார். இருபத்தொன்பது வருடம் கை நிறைய மருந்து கொடுத்த நான், “தெரியாது” என்றேன். என் தொழிலில் அந்த வார்த்தையை நான் சொன்ன முதல் தடவை அது. மருந்துப் பை நடுக்கடலில் பவளப்பாறை பார்த்துக்கொண்டிருந்தது. பதினொன்றரை மணிக்குப் படகு திரும்பும்வரை அந்த மனிதர் அரை மணிக்கொரு தடவை விரலைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு திரும்பிய பிறகும் பை எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. கலந்த மாத்திரையை யார் பிரித்துச் சொல்வது? அந்த மருந்து உடம்பை விட்டு இறங்கும்வரை விடமுடியாது என்று இரண்டு நாள் அங்கேயே படுக்க வைத்தார். அழகம்மாவின் கட்டிலுக்கு நேரே இருந்த யன்னலில் மதிலொன்று தெரிந்தது. அலையின் சத்தம் மட்டும் கேட்டது.

13. 24ஆம் திகதி கட்டிலிலிருந்து நேரே வேகப் படகில் ஏற்றினார்கள். தலைச்சுற்றலில் என் மடியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். விமானத்தில் நடு ஆசனம். இப்படியாக, அழகம்மா கடலுக்குப் போய்க் கடலில் கால் நனைக்காமல் வீடு வந்து சேர்ந்தார்.

14. ஊர் திரும்பியதும் எஞ்சிய மாத்திரைகளைத் தெல்தோட்டை நகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் மருந்தாளர் ஜனாப் சாஹுல் ஹமீது அவர்களிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மாத்திரையாகத் தட்டில் பரப்பிப் பிரித்தார். அழகம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த உறையில் எஞ்சியிருந்தவை சீனி வருத்தத்துக்கானவை என்று எழுத்தில் உறுதிப்படுத்தியிருக்கிறார். அக்கடிதம் இணைப்பு 2. எழுதி முடித்துவிட்டு, “அந்தக் கத்தரிக்கோல் புடிச்ச கைய ஒருக்காக் காட்டுங்க டீச்சர், பார்க்கணும்” என்றார். நான் டீச்சர் அல்ல. கோபத்தில் அவருக்கு மறந்துவிட்டது.

15. நிறுவனத்திடம் நியாயம் கேட்டு எழுதினேன். பெப்ரவரி 10ஆம் திகதி பதில் வந்தது (இணைப்பு 3). அதில் கூறப்படுவதாவது: அழகம்மா “தன் விருப்பத்தில் மற்றொருவரின் மருந்தை எடுத்து உட்கொண்டார்”, அவர் “வயோதிபத்தினால் புத்தித் தடுமாற்றம் உள்ளவர்”, “வெளிநாட்டுப் பயணத்துக்கு உகந்தவர் அல்லர்”. அத்துடன் புறப்படும்போது அவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் தனக்கு நோய் எதுவும் இல்லை என்று சொல்லி விரலடையாளம் இட்டிருக்கிறாராம். அந்தப் படிவங்களை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எங்கள் இருபத்திரண்டு பேரின் படிவத்திலும் ஒரே நீலப் பேனையால், ஒரே கையால், “நோய் இல்லை” என்று எழுதப்பட்டிருக்கிறது. மூக்காயிக்கும் நோய் இல்லையாம், எனக்கும் இல்லையாம். நிறுவனத்திடம் நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நோயே இல்லாத பதினேழு பேரிடம் எதற்காக மருந்தை வாங்கினீர்கள்?

16. அந்தக் கடிதம் எங்களோடு நின்றுவிடவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் அழகம்மாவுக்காக நான் வேறு இரண்டு பயண நிறுவனங்களில் விசாரித்தேன். இரண்டு இடத்திலும் பெயரைக் கேட்டதுமே, “அந்த மாத்திரை அம்மாவா? வேணாங்க, தலைவலி” என்றார்கள். ஊரில் சில பிள்ளைகளும் இப்போது அவரை அப்படித்தான் கூப்பிடுகின்றன. கையை நீட்டியவரிடம் நம்பிக் கொடுத்ததைத் தவிர அந்தப் பெண் செய்த பிழை என்ன? அவருடைய புத்தியில் தடுமாற்றம் இல்லை. இன்னும் தன் முப்பத்தாறு வருடக் கொழுந்துக்கு எந்தெந்த நாள் எத்தனை கிலோ குறைத்து நிறுத்தார்கள் என்று வரிசையாகச் சொல்லுவார். விரும்பினால் நேரில் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள், ஆனால் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

17. இந்த முறைப்பாட்டை முதலில் வேறோர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். எந்த அலுவலகம் என்று எழுதி ஒருவருடைய வேலைக்கு உலை வைக்க எனக்கு விருப்பமில்லை. அங்கிருந்த உத்தியோகத்தர் கோப்பைத் திறக்காமலே, “தோட்டத்து ஆளுங்களுக்கு என்னத்துக்கும்மா வெளிநாட்டுக் கடலு? கொழும்புக் காலிமுகத்திடலுக்குப் போயிருந்தா இந்தத் தொல்லையே இல்லையே” என்றார். அப்போது கோப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது பதில் எழுதுகிறேன். எங்கள் முப்பாட்டன்மார் கடல் கடந்துதான் இந்த மலைக்கு வந்தார்கள். அன்றைக்கு உங்களுக்கு ஆள் தேவைப்பட்டது, அதனால் என்னத்துக்குக் கடல் என்று யாரும் கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேயிலையை மட்டும் கப்பலேற்றி அனுப்பினோம். இந்தத் தலைமுறையில் ஒருத்தி தானே போய்க் கால் நனைக்க ஆசைப்பட்டால் அது தொல்லையா? ஆத்திரத்தில் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். ஆனால் இந்தப் பந்தியை மட்டும் நான் நீக்கப் போவதில்லை.

18. எதிர்வரும் ஏப்ரல் 16ஆம் திகதி இதே நிறுவனம் நாவலப்பிட்டியிலிருந்து முப்பத்து நான்கு முதியவர்களை அதே தீவுக்கு அழைத்துச் செல்கிறது. வழிகாட்டி அதே திரு. இராமகிருஷ்ணன். “மருந்துகளைப் புறப்படும் முன் வழிகாட்டியிடம் ஒப்படைக்கவும்” என்று துண்டுப் பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள் (இணைப்பு 4). அவர்களில் இன்சுலின் ஏற்றிக்கொள்பவர்கள் மூன்று பேர் இருப்பதாக விசாரித்து அறிந்தேன். எல்லோருடைய இடுப்பிலும் கருப்பட்டி இருக்காது. எல்லாத் தீவிலும் தள்ளுவண்டியோடு ஓடி வர ஒருவர் இருக்கமாட்டார்.

19. ஆகவே, ஏப்ரல் 16ஆம் திகதிக்கு முன்பாக நிறுவனத்தையும் திரு. இராமகிருஷ்ணனையும் அழைத்து விசாரிக்க வேண்டும். பயணிகளின் மருந்து பயணிகளின் கையிலேயே இருக்க வேண்டும் என்றும், கிளினிக் கொப்பியும் வைத்தியர் கடிதமும் கூடவே போக வேண்டும் என்றும் எழுத்தில் உத்தரவிட வேண்டும். நோய் விபரப் படிவத்தை ஒவ்வொருவருக்கும் அவரவர் பாஷையில் வாசித்துக் காட்டி, அவர் வாயால் சொல்வதை மட்டும் எழுத வேண்டும். அழகம்மாவைப் பற்றி எழுதிய கடிதத்தை நிறுவனம் வாபஸ் வாங்கி, அதை மற்ற இரண்டு நிறுவனங்களுக்கும் அறிவிக்க வேண்டும். நட்டஈடு எதுவும் நாங்கள் கேட்கவில்லை. கேட்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். அழகம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

20. அவர் கேட்பது வேறு. இந்த மனுவை வாசித்துக் காட்டியபோது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதெல்லாஞ் சரிங்கம்மா, நான் மறுபடி போகணும்னு எழுதினீங்களா?” என்றார். எழுதவில்லை என்றேன். “அத எழுதுங்க மொதல்ல. பத்து எட்டுத்தான் பாக்கி” என்றார். முதலில் எழுதச் சொன்னதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன், அதற்கும் அவர் என்னைத் திட்டுவார். தாங்கள் நேரில் வரச்சொல்லும் நாளில் நாங்கள் இருவரும் வந்து நிற்போம். பதில் வராவிட்டாலும் ஏப்ரல் 16ஆம் திகதி காலையில் நாவலப்பிட்டி பஸ் நிலையத்தில், முப்பத்து நான்கு பேருக்கும் போதுமான துணித் துண்டுகளோடு வந்து நிற்போம்.

இங்ஙனம்,
தங்கள் நடவடிக்கைக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
புஷ்பம் வீரையா

(இடது கைப் பெருவிரல் அடையாளம்)
அழகம்மா சின்னமுத்து

இடம்: தெல்தோட்டை
திகதி: 2017.03.09

இணைப்புகள்:
1. பயண நிகழ்ச்சி நிரல்.
2. மருந்தாளரின் கடிதம்.
3. நிறுவனத்தின் பதிலும் இருபத்திரண்டு படிவங்களின் பிரதிகளும்.
4. ஏப்ரல் பயணத்தின் துண்டுப் பிரசுரம்.
5. மஞ்சள் பூப்போட்ட நீலச் சீத்தைத் துண்டு ஒன்று, ஒரு முடிச்சுடன். மருந்து எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று தாங்கள் பார்ப்பதற்காக அழகம்மா புதிதாகக் கட்டித் தந்தது. உள்ளே வெறும் உறைதான் இருக்கிறது. தயவுசெய்து யாரும் இதை வெட்ட வேண்டாம். பார்த்து முடிந்ததும் திருப்பி அனுப்பவும், அவருக்குப் பயணத்துக்கு வேண்டும்.